காற்று முதுகில் இருக்கட்டும்: ராமேஸ்வரம் தீவின் கரையில் ஒரு நாள் நடக்க

ராமேஸ்வரம் தீவைக் கால்நடையாகப் பார்க்க ஆசை என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எந்த மாசம் வர்றீங்க?" என்றுதான். தங்குவது, பஸ், கோயில் நடை திறக்கும் நேரம் எல்லாம் அப்புறம். மாசம் தெரிந்தால் காற்று தெரியும். காற்று தெரிந்தால் எந்தக் கரை, எங்கிருந்து எங்கே என்பது தன்னால் வந்துவிடும்.

எனக்கு ஊர் இதே தீவில் சம்பைப் பக்கம். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கடலில் இறங்கிப் பாசி எடுத்தவள். நான் கடலுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஆனால் லீவுக்கு வரும் சொந்தக்காரர்களை, அவர்கள் கூட்டிவரும் சிநேகிதர்களை, கரையோரமாக நடத்திக் கூட்டிப்போகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். அதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செங்குத்துப் பாறை, மேலே நின்று எட்டிப் பார்த்தால் பாதாளத்தில் அலை என்று மனதில் படம் வரைந்துகொண்டு வராதீர்கள். ராமநாதபுரம் கரை தட்டை. இந்தத் தீவிலேயே உயரமான இடம் ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம். பேர்தான் பர்வதம், மணல்மேடு அது. ஆனாலும் நடக்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதன்மேல் ஏறிவிடுங்கள். வடக்கே ஒரு கடல், கிழக்கே வளைந்து தெற்கே போகும் கரை, நடுவில் பனையும் உடைமரமும். மறுநாள் நடக்கப்போகிற வழி கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். மாடத்தில் நிற்கும்போது எந்தக் கன்னத்தில் காற்று அடிக்கிறது என்று கவனியுங்கள். நாளைக்கான பாடத்தில் பாதி அதுதான்.

எங்கள் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருக்கிறவர்கள் வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல். வடக்கு ஆழமில்லாதது, அலை சின்னது. தெற்கு முழங்கும். ஆனால் பெண் கடல் என்றால் எப்போதும் அடங்கிக் கிடக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். வைகாசி பிறக்கும் சமயத்தில் தொடங்கி புரட்டாசி வரைக்கும் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். அப்போது தெற்குக் கடல் பொங்கும், வடக்கு குளம் மாதிரி இருக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. அப்போது எல்லாம் தலைகீழ்: வடக்கு கொந்தளிக்கும், தெற்கு அடங்கும். தனுஷ்கோடி மீனவர்கள் காற்றுக்குத் தகுந்தபடி வத்தையை, அதாவது சின்ன மீன்பிடிப் படகை, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றுவார்கள். வானிலை ஆப் ஒன்றும் வேண்டாம். வத்தை எந்தப் பக்கம் கட்டிக் கிடக்கிறதோ அந்தப் பக்கம் நீங்களும் நடங்கள்.

என் கணக்கு இவ்வளவுதான். கச்சான் மாசங்களில் வடக்குக் கரை, மேற்கிலிருந்து கிழக்கே. வாடை மாசங்களில் தெற்குக் கரை, கிழக்கிலிருந்து மேற்கே. இரண்டிலும் காற்று முதுகில் இருக்கும், கடல் அடங்கி இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு ஆடி மாசம் கொழுந்தனார் குடும்பம் மதுரையிலிருந்து வந்திருந்தது. தனுஷ்கோடிதான் வேண்டும், அதுவும் நடந்துதான் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். அம்மா வாசலில் உட்கார்ந்தபடியே, "கச்சான்ல அங்க என்னத்துக்குப் புள்ள போற?" என்றாள். நான் கேட்கவில்லை. தெற்குக் கரையில் இரண்டு கிலோமீட்டர் தாண்டவில்லை; மணல் கெண்டைக்காலில் ஊசி குத்துகிற மாதிரி அடித்தது. வாயைத் திறந்தால் மணல். சின்னவன் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ரோட்டுக்கு ஏறிப் பார்த்தால் அங்கேயும் மணல் படுதா படுதாவாக ஓடுகிறது. ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தால் அதிலும் நறநற.

ஆகவே கச்சான் மாசத்தில் வருகிறவர்களுக்கு வடக்குக் கரை. தங்கச்சிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வில்லூண்டி தீர்த்தம் போய்விடுங்கள், விடியும் நேரத்துக்கு. சின்னப் பாலம் ஒன்று கடலுக்குள் போகும், அதன் முனையில் கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், கிணற்றில் மட்டும் குடிக்கிற தண்ணீர். சீதைக்குத் தாகம் என்று ராமர் வில்லை ஊன்றியதில் வந்த ஊற்று என்பது தலபுராணம். எங்கள் கரையில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிற இடங்கள் வேறேயும் உண்டு. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. ரொம்ப ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அதனால்தான் கரையில் ஊற்றுத் தோண்டும் பெண்கள் கையளவுக்கு மேல் போக மாட்டார்கள்.

வில்லூண்டியிலிருந்து கிழக்கே திரும்பி, கடல் இடது கையில் வரும்படி நடங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முன்பக்கம் விளிம்பு உள்ள தொப்பி, இல்லையென்றால் துண்டை முன்னால் இழுத்து முக்காடு. குடை வேண்டாம், காற்றில் மேல்பக்கம் திரும்பிக்கொள்ளும். ஓலைக்குடா முனை வரைக்கும், அங்கிருந்து தெற்கே திரும்பி அக்னி தீர்த்தம் வரைக்கும், என் நடைக்கு மொத்தம் 12 கிலோமீட்டர் பக்கம் வரும். நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம்.

எங்கே கால் வைப்பது என்பதுதான் கரை நடையில் பாதி வித்தை. காய்ந்த மணலில் நடந்தால் ஒரு கிலோமீட்டர் மூன்று கிலோமீட்டராகத் தெரியும். அலை வந்து போன இடத்துக்குச் சற்று மேலே, ஈரம் காய்ந்தும் காயாமலும் ஒரு பட்டை இருக்கும். அதில் குதிகால் புதையாது. ஆனால் கரை சரிவாக இருந்தால் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நடப்பீர்கள். சாயங்காலம் இடுப்பு சொல்லும். அவ்வப்போது மேலே ஏறித் தட்டையில் கொஞ்ச தூரம் போய்விட்டு இறங்குங்கள். மேலே ஏறும்போது செருப்பு இருக்க வேண்டும். அடப்பங்கொடி பரவிக் கிடக்கிற இடத்தில் பயமில்லை, ராவணன் மீசைப் புல் உருண்டை உருண்டையாகக் கிடக்கிற இடத்தில் ஊசி ஊசியாகக் குத்தும். எல்லாவற்றையும்விட மோசம் உடைமுள். வெள்ளை வெளேரென்று நீளமாக, மணலோடு மணலாகக் கிடக்கும். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு வந்துவிடும். குதிகாலில் வார் உள்ள, அடி தடித்த சாண்டல்தான் சரி. ஷூ போட்டு வந்தவர்கள் எல்லோரும் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் உட்கார்ந்து மணல் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

வழியில் வலை காயும். வலையைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். கருவாடு காய்கிற இடத்தில் மணல் தெறிக்க ஓடாதீர்கள். வீட்டு முற்றத்தில் செருப்புக் காலோடு நடக்கிற மாதிரிதான் அது. யாராவது உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தால், "அண்ணே, அங்கிட்டுப் போக வழி இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வழி தெரிந்திருந்தாலும் கேளுங்கள். சில இடத்தில் தோப்புக்கு வேலி கடல் வரைக்கும் இறங்கியிருக்கும். எங்கே நுழையலாம், எங்கே தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும் என்று அவர்தான் சொல்வார்.

சம்பை, மாங்காடு பக்கம் வந்தால் பாசி வாசனை. காய்கிற பாசியில் கொஞ்சம் அயோடின் நெடி, கொஞ்சம் கருவாட்டு நெடி. கடலுக்குள் மூங்கில் சட்டம் வரிசையாக மிதப்பதைப் பார்த்து மீன் பொறி என்று நினைப்பார்கள். அது பாசி வளர்க்கும் மிதவை. 2000 வாக்கில் பெப்சி கம்பெனி மூலமாக வந்ததால் அந்தப் பாசிக்கே இங்கே பெப்சிப் பாசி என்று பேர். என் அம்மா காலத்தில் எல்லாம் கடலில் தானாக முளைத்ததுதான்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. மரிக்கொழுந்துக்குத்தான் விலை, அதிலிருந்து அகர் என்ற ஜெல்லி மாதிரி உறைகிற பொருளை எடுப்பார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் முங்குவார்கள். படம் எடுக்கிறதுக்கு முன்னால் கேட்டுவிட்டு எடுங்கள். அம்மாவை ஒருவர் கேட்காமல் எடுத்ததற்கு அவள் ஈரச் சாக்காலேயே வீசினாள். அந்தப் படம் எங்கே இருக்கிறதோ!

தண்ணீரில் இறங்கி நடக்கும் இடங்களில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீர்கள். தரையோடு தேய்த்துக்கொண்டே போங்கள். திருக்கை மணலை மேலே போர்த்துக்கொண்டு படுத்திருக்கும். கால் உரசுகிற அதிர்வு கேட்டால் அதுவே விலகும், மேலே மிதித்தால் வால்முள்ளால் அடிக்கும். அடித்துவிட்டால் பொறுக்கிற அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியைப் பாருங்கள். சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஓலைக்குடா தீவின் வடகிழக்கு முனை. எங்களுக்குப் பாறை என்று இருந்தால் இந்தப் பக்கத்துப் பாறைதான். முழங்கால் உயரம், சில இடத்தில் இடுப்பு உயரம், கறுத்து, பல்லு பல்லாக. குனிந்து உற்றுப் பாருங்கள். அது கல் இல்லை, பவளம். மூளை மாதிரி மடிப்பு, பூ மாதிரி கண்கள் எல்லாம் தெரியும். சில ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் கடல் மட்டம் இப்போதைவிட உயரமாக இருந்தபோது தண்ணீருக்கு அடியில் உயிரோடு வளர்ந்தவை. கடல் இறங்கியதும் வெளியே நின்று செத்துப்போனவை. நீங்கள் நிற்கிற இடம் ஒரு காலத்துக் கடலடி. என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் போனை உள்ளே வைக்கிறார்கள்.

இங்கே தண்ணீர் வற்றியிருக்கும்போது வர வேண்டும். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லைதான். ஆனால் தட்டைக் கரையில் அந்தக் கொஞ்சமே நிறைய இடத்தைத் திறந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் நன்றாக இருக்கும். பச்சையாகப் பளபளக்கிற இடத்தில் கால் வைத்தால் வழுக்கும். வெளுத்த இடத்தில் வையுங்கள். கை ஊன்றினால் கிழிக்கும். பவளம் கிழித்த காயத்தைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள், சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உள்ளே துகள் இல்லை என்று பார்த்த பிறகு மருந்து போடுங்கள்.

கீழே கிடக்கிறதே என்று பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். உயிருள்ளதோ செத்ததோ, வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கடல் குதிரை, கடல் அட்டையும் அப்படித்தான், காய்ந்ததாக இருந்தாலும். கூம்பு மாதிரி இருக்கும் அழகான சங்கைக் கையில் எடுக்கவே வேண்டாம், உள்ளே பூச்சி உயிரோடு இருந்தால் விஷ ஊசி போடும்.

ஓலைக்குடாவிலிருந்து சங்குமால் வழியாக அக்னி தீர்த்தம் கொஞ்ச தூரம்தான். கோயில் கோபுரம் தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் காலில் புதுத் தெம்பு வந்துவிடும். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடலாம். உப்பும் மணலும் போவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பக்தி தனி.

வாடை மாசத்துக்காரர்களுக்குத் தனுஷ்கோடி. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், ஒண்ணாம் நம்பராக இருந்தாலும், அன்றைக்குக் கரை நடை கிடையாது. தை, மாசிதான் இதற்கு நல்ல காலம். அப்போது பனங்கிழங்கும் கிடைக்கும்.

எல்லோரும் ஊர்ப் பக்கமிருந்து, தீவு முடிகிற அரிச்சல்முனையை நோக்கி நடக்கத் தொடங்குவார்கள். காற்றும் வெயிலும் முகத்தில் அடிக்கும், பாதியில் ஆட்டோ பிடிப்பார்கள். நீங்கள் காலையிலேயே பஸ்ஸில் அரிச்சல்முனை போய் இறங்கி, அங்கிருந்து ஊரைப் பார்த்துத் திரும்பி நடங்கள். காலை வெயில் முதுகில், வாடை முதுகில். 2017-ல் ரோடு போட்ட பிறகுதான் இது முடிகிறது. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் வேன்காரர்கள் மணலிலும் தண்ணீரிலும் உருட்டிக்கொண்டு போவார்கள். முனையிலிருந்து சத்திரம் சுமார் 9 கிலோமீட்டர்.

முனையில் ரொம்ப நேரம் வேண்டாம், கூட்டம். ஒன்றை மட்டும் பாருங்கள்: மணல் நாக்கு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று. கச்சானில் ஒரு பக்கம், வாடையில் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருஷம் நீங்கள் நின்று படம் எடுத்த இடம் இப்போது கடலாக இருக்கலாம். இரண்டு கடலும் வந்து முட்டுகிற இடம், காலுக்கடியில் மணலை உருவும். முழங்கால் அளவுக்குக்கூட இறங்காதீர்கள். எதிரே தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். என் தம்பி போனுக்கு இலங்கை சிக்னல் வந்து, வரவேற்புச் செய்தியும் வந்து, அவன் அதை ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். எல்லைக் கடல், யார் வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்பார்கள். டிரோன் கூடாது. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் எல்லோரையும் வெளியே அனுப்பத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் சத்திரத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

தெற்குக் கரையில் இறங்கி, கடல் இடது கையில் வர நடங்கள். நிழல் என்று ஒரு கை அகலம்கூடக் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் சுமக்க மாட்டேன் என்பார்கள், சுமக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு நான் புளிச்சோறும் எண்ணெயில் வறுத்த குண்டு மிளகாயும் கட்டுவேன். தயிர்ச்சோறு இந்த வெயிலுக்குப் புளித்துவிடும். மீன் வேண்டுமென்றால் பழைய தனுஷ்கோடியில் ஓலைக் கொட்டகைகளில் பொரித்துக் கொடுப்பார்கள். விலையை முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள், அப்புறம் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

பழைய தனுஷ்கோடியில் கரையை விட்டு மேலே ஏறுங்கள். சர்ச் சுவர், ரயில் நிலையத்துத் தொட்டி, இடிந்த வீடுகள். சர்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓலைக்குடாவில் பார்த்த அதே பவளக்கல்தான் அடுக்கிக் கட்டியிருக்கிறது. 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் ரயில் இங்கே வரைக்கும் வந்தது. இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் கடல் ஏறி வந்து ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் ஆட்களோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. என் அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது, இந்த ஊர்ப் பிள்ளை. தப்பியதைப் பற்றிக் கேட்டால், "வாடைதான், ஆனா தெக்கருந்தும் தண்ணி வந்துச்சு" என்று மட்டும் சொல்வார். சுவரின்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஏறாதீர்கள்.

அதற்குப் பிறகு சத்திரம் வரைக்கும் வெறும் மணல்தான், பேசிக்கொண்டே போய்விடலாம். ஆலாப் பறவைக் கூட்டம் கரையில் உட்கார்ந்திருந்தால் நடுவில் புகுந்து விரட்டாமல் ரோட்டுப் பக்கம் ஒதுங்கிப் போங்கள். காலில் இன்னும் தெம்பிருந்தால் கோதண்டராமர் கோயில் வரைக்கும் வரலாம். வாடைக் காலத்தில் அந்தப் பக்கத்துத் தேங்கிய தண்ணீரில் பூநாரை நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி. 2025-ல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். சேற்றில் இறங்கிக் கிட்டே போக நினைக்காதீர்கள். முழங்கால் வரைக்கும் புதைந்துவிடும், பறவையும் எழும்பிவிடும்.

பஸ்ஸை எங்கே நின்றாலும் கை காட்டலாம், பெரும்பாலும் நிறுத்துவார்கள். ஏறுவதற்கு முன் பையை, துண்டை, கால்சட்டை மடிப்பை எல்லாம் கீழேயே நன்றாக உதறிவிடுங்கள். மணலோடு ஏறினால் கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார், பார்க்கிற பார்வையே போதும்.